கேப்டன் மாற்றிய தேதிகளும் நான் மாற்றிய தேதிகளும்

1. முதல் கேள்வி

வேலை கேட்டுப் போன அன்று காலையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது: "ஏம்மா, 2270.4ன்னா என்ன தேதி?"

கேட்டவர் சங்கரலிங்கம் சார். மதுரை காளவாசல் பக்கம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து டப்பிங் ஸ்டுடியோ நடத்தினார். வெளிநாட்டு டிவி தொடர்கள் மும்பைக் கம்பெனி ஒன்றின் வழியாக அவருக்கு வரும். தமிழில் வசனம் எழுதி, ஆள் வைத்துப் பேசி, ஒலியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வாரம் வந்திருந்தது ஒரு விண்வெளித் தொடர்.

"அது எந்த ஊர்த் தேதியும் இல்ல சார். சும்மா நம்பரு," என்றேன்.

"சும்மா நம்பரா? இம்புட்டு சிரமப்பட்டு அதை எதுக்குச் சொல்றாய்ங்க? பேசாம ஆடி பதினெட்டுன்னு போட்டுருவோமா? சனத்துக்குப் புரியும்ல."

"போடலாம் சார். அப்புறம் அந்த ராக்கெட்டை வைகையாத்துலதான் எறக்கணும்."

ஒலிப்பதிவு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜாபர் சிரித்துவிட்டான். நெல்பேட்டைக்காரன், அந்த ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர். சார் சிரிக்கவில்லை. "வாய் ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா தேதி தெரிஞ்ச ஆளு. நாளைக்கே வந்துருங்க," என்றார்.

வாய் ஜாஸ்தி என்பது உண்மை. தேதி தெரிந்த ஆள் என்பதையும் ஒன்பது வருடம் உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள், "செல்வி அக்கா, உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்கிறார்கள். சொல்லும்படியாக எனக்கு ஒரே ஒரு அனுபவம்தான் இருக்கிறது. அதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

2. அமாவாசைத் தாள்

டப்பிங்குக்கு வருவதற்கு முன்னால் பதினான்கு வருடம் காலண்டர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தேன். சுவரில் மாட்டித் தினம் ஒரு தாள் கிழிக்கிறோமே, அந்தக் காலண்டர். முன்னூற்று அறுபத்தைந்து தாளிலும் கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் வரிசை பிசகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

ஒரு வருடம் ஓர் அமாவாசை ஒரு தாள் தள்ளி அச்சாகிவிட்டது. நான் பார்த்து இனிஷியல் போட்ட தாள் அது. பேரையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் அதைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அச்சகத்துக்கே வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"எங்கய்யாவுக்குத் திதி குடுத்தேம்மா, இந்தத் தாளைப் பாத்துத்தான். மறுநாத்தான் அமாவாசைன்னு அப்புறம் சொல்றாங்க. அவருக்குப் போய்ச் சேந்திருக்குமா?"

அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. பிசகிய தேதி எங்கே கண்ணில் பட்டாலும் பேனா தானாகப் போய்த் திருத்தும். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, மளிகைக் கடை போர்டு, எதுவானாலும் சரி. இதை ஒரு நல்ல குணம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3. பொய்க் காலண்டர் எப்படி ஓடுகிறது

விண்வெளித் தொடர்களில் வரும் தேதிகளை நான் பொய்க் காலண்டர் என்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

வெறும் எண்ணாகச் சொல்வது ஒரு வகை. மாதம் கிடையாது, வருடம் கிடையாது, 2270.4 என்று ஒரே இழுப்பு. எந்த நூற்றாண்டில் கதை நடக்கிறது என்று மாட்டிக்கொள்ளாமல் இருக்க எழுதுகிறவர்கள் செய்யும் தந்திரம் இது. நம் தமிழ் வருடம் அறுபதும் இப்படித்தானே, பெயரை மட்டும் சொன்னால் எந்தச் சுற்றில் வந்த வருடம் என்று யாருக்கும் பிடிபடாது. பெரும்பாலும் முன்னால் உள்ள இலக்கம் சீசனைக் காட்டும், நடுவில் உள்ளது எபிசோடைக் காட்டும், புள்ளிக்குப் பின்னால் உள்ளது நேரம். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஒரு சம்பவத்திலிருந்து எண்ணுவது இன்னொரு வகை. புதுக் கிரகத்தில் இறங்கிய நாள் முதல் ஒன்று, இரண்டு என்று போகும். கிரகத்துக்குக் கிரகம் வருடம் மாறுகிற தொடர்களும் உண்டு. ஆறு வயது என்பார்கள், ஆள் மீசையோடு நிற்பான். அந்த ஊர்ச் சூரியனை அவன் ஆறு தடவைதான் சுற்றியிருக்கிறான் என்று புரிந்துகொண்டு வசனம் எழுத வேண்டும். கப்பல் காலண்டர் என்றும் ஒன்று உண்டு. கப்பலுக்குள் சூரியன் கிடையாது. விளக்கை ஏற்றி அணைத்தால் அது ஒரு நாள். ஏற்றி அணைக்கிறவன் சொல்வதுதான் தேதி.

முக்கியமான சங்கதி, இந்த எண்கள் பல தொடர்களில் தாறுமாறாகத்தான் இருக்கும். படம் எடுத்த வரிசை ஒன்று, காட்டிய வரிசை வேறு. எழுதுகிற ஆளும் நடுவில் மாறிவிடுவார். போன வாரம் சொன்ன எண்ணைவிட இந்த வாரம் குறைவாக வரும். ரசிகர்கள் கேட்டால், வேகமாகப் போனால் காலம் அப்படித்தான் என்று யாராவது ஒரு சமாதானம் சொல்வார்கள். நான் அப்படிப்பட்ட பிசகுகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்தில் எல்லாம் திருத்தியிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

4. தவமணி அண்ணே

ஒன்பதாவது வருடம் அந்தத் தொடர் வந்தது. இருபத்து நான்கு எபிசோட். ஒரு பெரிய கப்பல், அதில் ஆயிரம் குடும்பங்கள், ஒரு வயதான கேப்டன். ஐயாயிரமாவது நாளில் புது பூமியில் போய் இறங்குவோம் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு எபிசோடும் அவர் குரலோடு தொடங்கும். திரையில் இருட்டும் நட்சத்திரமும் மட்டும் தெரியும். "கேப்டனின் பதிவு. நாள் நாலாயிரத்து ஐம்பத்தொன்று," என்பார். அன்றைக்குக் கப்பலில் என்ன நடந்தது என்பது பிறகு வரும்.

கேப்டன் குரலுக்குத் தவமணி அண்ணனை நான்தான் சொன்னேன். பரவைக்காரர். முப்பது வருடமாக ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் சொன்னவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், மாடு காணவில்லை, எதுவானாலும் அவர் வாயில் வந்தால் தெருவே நின்று கேட்கும். எங்கள் ஸ்டுடியோவில் அதுவரை போலீஸ்காரர், டாக்டர், பேய் என்று துண்டு வேடங்களுக்குத்தான் பேசியிருந்தார்.

"தங்கச்சி, முழுப் படமும் நானா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"முழுசா நீங்கதாண்ணே."

அவர் மனைவி பேச்சியம்மாள், எனக்கு மதினி முறை வைத்துப் பழகியவர், பரவை மார்க்கெட்டில் கத்திரிக்காய், தக்காளி வைத்து விற்கிறவர். எழுதப் படிக்க வராது. எண் மட்டும் தெரியும். அடுத்த வாரமே மார்க்கெட் பூராவும் விஷயத்தைப் பரப்பிவிட்டார். "எங்க வீட்டுக்காரரு ராக்கெட் ஓட்டுற படம் வருது, எல்லாரும் பாக்கணும்," என்று காய் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். பாதித் தொடர் தாண்டிய பிறகு ஜாபர், பதிவு வெளியே போகக் கூடாது என்ற விதியை மீறி, ஒரே ஒரு வரியை மதினி போனுக்கு அனுப்பிவைத்தான். அவர் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டார்.

ஏழெட்டு எபிசோட் தாண்டியதும் அண்ணன் குரலில் ஒரு கரகரப்பு ஏறியது. தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினார். கேப்டனும் கதையில் தளர்ந்துகொண்டே போகிறார், அதற்கு அது அச்சாகப் பொருந்தியது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மைக்கில் சொன்னேன்: "அண்ணே, இந்தக் கரகரப்பு நல்லா இருக்கு. அப்படியே வச்சுக்கங்க."

"வச்சுக்கிறேன் தங்கச்சி," என்றார்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

5. பதினேழு திருத்தங்கள்

பதினோராவது எபிசோடில் கேப்டன் சொன்ன நாள் 4160. பன்னிரண்டாவதில் 4151. அட, அறுபத்தொன்று என்பதை ஐம்பத்தொன்று என்று அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். 4161 என்று திருத்தினேன். பதின்மூன்றாவதில் மறுபடியும் பின்னால் போனது. அதையும் திருத்தினேன். அடுத்த எபிசோட்களில் எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சிலவற்றில் கேப்டன் நடுவிலும் ஒரு தடவை நாள் சொல்வார். இருபத்திரண்டாவது வரைக்கும் மொத்தம் பதினேழு இடம். ஒரு தனித் தாளில் பட்டியல் போட்டு, அச்சகத்தில் செய்வது போல ஓரத்தில் டிக் அடித்து, எல்லா நாளையும் ஒழுங்காக ஏறுவரிசையில் கொண்டுவந்தேன். வேலை முடிந்தபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

மும்பைக்கு அனுப்புவதற்கென்று கேள்வித் தாள் ஒன்று உண்டு. சந்தேகம் இருந்தால் அதில் எழுதி அனுப்ப வேண்டும். சங்கரலிங்கம் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"தேதி பிசகியிருக்கு சார். கேட்டு அனுப்பவா?"

"எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாய்ங்கம்மா. உங்களுக்குத் தெரியாத தேதியா?"

பழியை அவர் மேல் போட எனக்கு விருப்பமில்லை. அனுப்ப வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் அனுப்பியிருப்பேன். எனக்குத் தெரியாத தேதியா என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

6. கறுப்புத் திரை

கடைசி இரண்டு எபிசோடைக் கம்பெனி முழுதாகத் தரவில்லை. கதை வெளியே கசிந்துவிடும் என்று பயம். திரை முழுவதும் கறுப்பு, பேசுகிறவர் வாய் மட்டும் ஒரு சின்ன வட்டத்தில் தெரியும். கேப்டன் பேசும் வரிகள் மட்டும் வந்தன. எதிரில் யார் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாது.

அந்த வரிகளில் ஒன்று, "ஆமாம். நான்தான் பின்னால் தள்ளினேன். எத்தனை தடவை என்று நானே எண்ணவில்லை."

"எதைத் தங்கச்சி தள்ளுனாரு?" என்று அண்ணன் கேட்டார்.

"கப்பலைத் திருப்பியிருப்பாருண்ணே. பேசுங்க."

அவர் பேசினார். குரல் உடைந்து, கடைசி வார்த்தை காற்றாகத்தான் வந்தது. ஜாபர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரே டேக்கில் ஓகே. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு மாதம் முன்பே நாள் குறித்திருக்கிறார். இவர் இரண்டு தடவை அந்த நாளைத் தள்ளிவைத்திருக்கிறார்.

"படம் முடியட்டும்னுதான். இனிமே ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "என்ன மனுசண்ணே நீங்க, படம் என்ன பெரிய படம்?" என்று ஸ்டுடியோ வாசல் என்றும் பாராமல் சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர் பேசி நான் கடைசியாகக் கேட்டது அதுதான். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

7. நோட்டுப் புத்தகம்

மூன்று வாரம் கழித்துக் கடைசி எபிசோட் முழுதாக வந்தது. மற்றவர்கள் வரிகளை எழுத உட்கார்ந்தேன். கப்பலில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், கேப்டன் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கிறாள். எழுதப் பழகியதிலிருந்து அவர் சொன்ன நாளையெல்லாம் அதில் குறித்து வைத்திருக்கிறாள். திரை நிறைய அந்தப் பக்கம் தெரிகிறது. 4160. அடுத்த வரியில் 4151. அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசிக்கிறாள். நாள் எப்படிப் பின்னால் போகும் என்று கேட்கிறாள்.

போய்ச் சேர பூமியே இல்லை. அது கேப்டனுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஐயாயிரமாவது நாள் வந்தால் ஆயிரம் குடும்பத்துக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். அதனால் அவர் கப்பல் காலண்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறார். நம்பிக்கையோடு இன்னும் சில நாள் இருக்கட்டுமே என்று.

மொத்தக் கதையும் அந்தப் பதினேழு எண்ணில்தான் இருந்தது. தமிழில் அந்தப் பதினேழு எண்ணும் சுத்தமாக, வரிசையாக, ஒரு பிசகும் இல்லாமல் இருந்தன. நான் ஜாபரைக் கூப்பிட்டேன். விரலால் திரையைக் காட்டினேன்.

அவன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, அண்ணனைத் திருப்பிப் பேசச் சொல்ல முடியாதேக்கா."

8. ஒட்டு வேலை

நான்கு நாள் ஒட்டிப் பார்த்தோம். ஐம்பத்தொன்று என்ற சொல் நாலாவது எபிசோடில் அண்ணன் வாயில் வந்திருந்தது. அதை வெட்டி எடுத்துப் பன்னிரண்டாவது எபிசோடில் வைத்தோம். நாலாவது எபிசோடில் அவர் தொண்டை நன்றாக இருந்தது. பன்னிரண்டில் கரகரப்பு. ஒரே வாக்கியத்தில் பாதி இளந்தாரியும் பாதி கிழவரும் பேசுவது போல இருந்தது. ஜாபர் மெஷினில் என்னென்னவோ திருகிப் பார்த்தான். கரகரப்பைக் கூட்டினால் தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. கடைசியில் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "நோயை எப்படிக்கா மிக்ஸ் பண்ண?" என்றான்.

குரல் போலச் செய்யும் ஒருவரை வைத்துப் பதினேழு எண்ணையும் பேசி அனுப்பினோம். இரண்டு ஆள் குரல் என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. கம்ப்யூட்டரை வைத்து அண்ணன் குரலை உண்டாக்கலாமா என்று கேட்டோம். செய்யலாம், ஆனால் சம்மதம் தெரிவித்து அந்தக் கலைஞரே தன் வாயால் பேசிய பதிவு வேண்டும் என்று பதில் வந்தது. சங்கரலிங்கம் சார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

முடிவில் கேப்டன் பேசும் பகுதி முழுவதையும் சென்னையில் வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். இருபத்து நான்கு எபிசோட். எங்களிடம் உள்ள பதிவை அழித்துவிட்டு, அழித்ததற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும். அது ஒப்பந்தம். ஜாபர் என் முகத்தைப் பார்த்தான். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள் என்று நான் சொல்லியிருந்தால் எடுத்திருப்பான். நான் விதி என்றால் விதி என்று வளர்ந்தவள். அவன் பட்டனை அமுக்கினான்.

சங்கரலிங்கம் சார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க வேணும்னாம்மா செஞ்சீங்க?" என்றார். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டேன்.

9. எப்ப வருது?

தவமணி அண்ணனிடம் சொல்ல வேண்டியது பாக்கி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், கழுத்தில் ஒரு துளை, அதில் குழாய். மதினி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"செல்வி, படம் எப்ப வருது? அது வந்துட்டா மனுசன் கொஞ்சம் தெளிஞ்சுருவாரு. குரலு அதுலயாவது இருக்குல்ல."

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மும்பையில தேதி தள்ளிப் போட்டுட்டாங்க மதினி. ஆடி கழியட்டும்னு சொல்றாங்க."

ஆடி கழிந்தது. மதினி போன் செய்தார். ஆவணிக் கடைசி என்றேன். அதற்குள் தொடர் செல்போன் ஆப் ஒன்றில் வெளியே வந்துவிட்டது, சென்னைக் குரலோடு. மதினிக்கு அதெல்லாம் தேடிப் பார்க்கத் தெரியாது. மறுபடி போன் வந்தது. புரட்டாசி சாமி கும்பிடு முடியட்டும் என்றேன். ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு அந்தக் கேப்டன் முகம்தான் என் முன்னால் வந்து நிற்கும். அவரை நான் எபிசோட் எபிசோடாகத் திருத்தியவள்.

தாங்க முடியாமல் ஒரு நாள் மத்தியானம் பரவைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாகியிருந்தார். மடியில் கோடு போட்ட நோட்டு, பேனா. இனி அவருக்கு அதுதான் வாய். மதினி மார்க்கெட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். அன்று போகவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னத்தையோ எழுதுறாரு, எழுதுறாரு, எனக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தானே? கையைக் காட்டிச் சோறு, தண்ணின்னா புரியும். மத்ததெல்லாம் எதுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசிச்சாத்தான்," என்றார்.

அப்போது அவர் போன் அடித்தது. "கேப்டனின் பதிவு. நாள் நாலாயிரத்து நூற்று அறுபத்தொன்று." மதினி எடுக்காமல் அதையே இரண்டு தடவை ஓடவிட்டுக் கேட்டார். அது நான் திருத்திய எண். ஐம்பத்தொன்று என்று இருந்திருக்க வேண்டியது.

மதினி முன்னால் வாய் திறக்க முடியவில்லை. அண்ணன் கையிலிருந்த நோட்டை வாங்கி எழுதினேன். படம் எப்போதோ வந்துவிட்டது. அதில் உங்கள் குரல் இல்லை. தேதியை நான் மாற்றியதால் போனது. என்னை மன்னிக்க வேண்டாம். எழுதிக்கொண்டே அழுதேன்.

"ஏ, எதுக்கு இப்ப அழுகை? மனுசன் நல்லாத்தானே இருக்காரு?" என்றார் மதினி.

அண்ணன் வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனாவை வாங்கி மெதுவாக எழுதி என் பக்கம் திருப்பினார்.

"தெரியும் தங்கச்சி. வந்த அன்னைக்கே மச்சினன் போன்ல பாத்துட்டேன். அந்த ஆளு நல்லாத்தான் பேசியிருக்கான். நம்பரும் சரியா இருக்கு."

அதற்குக் கீழே இன்னும் எழுதினார்.

"இவளுக்குத் தெரியாது. மார்க்கெட் பூராம் சொல்லி வச்சிருக்கா. நான் இருக்குற வரைக்கும் தெரிய வேணாம். அடுத்து என்ன தேதி சொல்லலாம்?"

"என்ன எழுதியிருக்காரு? வாசி செல்வி," என்றார் மதினி.

இருபத்து மூன்று வருடம் தேதியும் வசனமும் பார்த்தவள் நான். வாசித்தேன்.

"படம் வர்ற அடுத்த தேதி என்னன்னு கேக்குறாரு மதினி."

"அதைத்தான் நானும் கேக்கேன். எப்பத்தான் வருமாம்?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐப்பசி ரெண்டாவது வெள்ளிக்கிழமை," என்றேன். அவர் தலையை ஆட்டி, எழுதிய தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். மதினி எழுந்து சுவரில் தொங்கிய காலண்டரில் தாள்களைப் புரட்டி, ஏழேழாக வெள்ளிக்கிழமைகளை எண்ணி, அந்தத் தாளின் நுனியை மடித்து வைத்தார். எந்த அச்சகத்தில் நான் ப்ரூஃப் பார்த்தேனோ அந்த அச்சகத்துக் காலண்டர். ஒரு தாள்கூடப் பிசகியிருக்காது.

10. கற்றுக்கொண்டது

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல முடிவது இவ்வளவுதான். கதையில் தேதி பிசகியிருந்தால் யாரோ தெரியாமல் செய்தது என்று முடிவு கட்டாதீர்கள். கேள்வித் தாளில் எழுதி அனுப்புங்கள். கேட்டால் மரியாதை போய்விடும் என்று யார் சொன்னாலும் அனுப்புங்கள். ஒரு மனிதன் நாளைப் பின்னால் தள்ளுகிறான் என்றால் அவனிடம் சொல்ல முடியாத சங்கதி ஏதோ இருக்கிறது. எனக்கு இது தெரிய வந்தபோது நானே தள்ளிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அண்ணனுக்கு அதிக நாள் சொல்லவில்லை. மதினி நேற்று போன் செய்து, அந்த ஐப்பசி வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்கு லீவு போட்டுவிட்டதாகவும், டிவி பார்க்க எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாரையும் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். சரி மதினி என்றேன்.

மடித்து வைத்த தாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.